மீட்டர் பிறந்த கதையும் என் ஊசல் கணக்கும்

படிவம் 5 இயற்பியல் செய்முறை வகுப்பு. தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். 50 சென்டிமீட்டர் நூலில் குண்டைத் தொங்கவிட்டு, 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை எடுத்தேன். 28.6 விநாடி. ஐந்து முறை எடுத்தும் அதையொட்டியே வந்தது. கணக்குப் போட்டால் விடை 9.65. பாடநூலில் இருப்பதோ 9.8. யாரும் பார்க்காத நேரத்தில் 28.6ஐ அழித்து 28.4 என்று எழுதினேன். விடை 9.79 ஆனது, முழு மதிப்பெண்ணும் கிடைத்தது. உங்களில் சிலரும் இப்படிச் செய்திருக்கலாம்.

பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான், இதே காரியத்தைச் செய்த ஒரு பெரிய விஞ்ஞானியைப் பற்றிப் படித்தேன். அவர் பியேர் மெஷேன்.

அக்கால பிரான்சில் ஊருக்கு ஊர் அளவுகோல் வேறுபட்டது. புரட்சிக்குப் பிறகு, எல்லா நாட்டுக்கும் பொதுவான ஓர் அளவைப் பூமியிலிருந்தே எடுக்க முடிவு செய்தார்கள். வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு, அதுதான் மீட்டர். முழுத் தூரத்தையும் அளக்க முடியுமா? டன்கர்க் முதல் பார்சலோனா வரை மட்டும் அளக்க 1792இல் இருவர் கிளம்பினார்கள். வடபகுதி டெலாம்பருக்கு, தென்பகுதி மெஷேனுக்கு.

அவர்கள் கையில் இருந்தது போர்டா வடிவமைத்த கோணமானி. வட்டத் தட்டில் இரண்டு தொலைநோக்கிகள். ஒரே கோணத்தைத் திரும்பத் திரும்ப அளந்து, கூட்டி, எண்ணிக்கையால் வகுக்கலாம். தட்டில் கோடு கிழித்ததில் இருக்கும் சிறு பிழைகள் அதில் கரைந்துவிடும்.

மெஷேன் பார்சலோனாவின் மோன்ட்ஜுயிக் கோட்டையிலிருந்து விண்மீன்களை நோக்கி அட்சரேகையைக் கணித்தார். அதற்குள் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டது. கோட்டைக்குள் போக வழியில்லாமல், நகரத்து விடுதியொன்றிலிருந்து மறுபடி அளந்தார். இரண்டு இடங்களுக்கும் இடையே ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் இரண்டு விடைகளும் மூன்று விகலைக்குச் சற்று மேல் வேறுபட்டன. ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் ஒரு கூறுதான் விகலை. கேட்க அற்பம், தரையில் அது ஏறக்குறைய நூறு மீட்டர்.

தவறு தன்னுடையது என்றே அவர் நம்பினார். விடுதியில் எடுத்த அளவை மறைத்தார், டெலாம்பரிடமும் சொல்லவில்லை. 1799இல் பிளாட்டினத்தில் மீட்டர் கோல் தயாரானது. மெஷேனுக்கு மட்டும் நிம்மதியில்லை. வேலையை நீட்டிக்க மீண்டும் ஸ்பெயினுக்குப் போனவர், 1804இல் அங்கேயே காய்ச்சலில் இறந்தார். குறிப்பேடுகள் டெலாம்பரின் கைக்கு வந்தபோதுதான் திருத்தல்கள் வெளிப்பட்டன.

எனக்கு மனத்தில் தைத்தது அதற்குப் பின் நடந்தது. கருவியின் அச்சு தேய்ந்திருக்கலாம் என்று பின்னாளில் விளக்கினார்கள். அப்படியானால் எத்தனை நூறு முறை அளந்தாலும் பிழை ஒரே பக்கமாகத்தான் சாயும். நம் பாடத்தில் வரும் 'முறையான பிழை' இதுதான். பாவம், அதற்கு அப்போது தெளிவான பெயர்கூட இல்லை. முரண்படும் அளவுகளிலிருந்து பொருத்தமான மதிப்பை எடுக்கும் மீச்சிறு வர்க்க முறையை லெஜாந்தர் 1805இல்தான் வெளியிட்டார். அதற்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டே இந்த நில அளவைதான்! அதற்குள் மெஷேன் இறந்திருந்தார்.

பிளாட்டினக் கோல் 0.2 மில்லிமீட்டர் குறைவாகிப்போனதும் உண்மை. அதற்கு முக்கியக் காரணம், பூமி துருவங்களில் எவ்வளவு தட்டையானது என்பதைத் தவறாகக் கணித்தது. மெஷேனை உறங்கவிடாத மூன்று விகலைக்கு அதில் பெரிய பங்கில்லை. 1983 முதல் மீட்டருக்குக் கோலும் தேவையில்லை, பூமியும் தேவையில்லை. ஒளி 1/299,792,458 விநாடியில் கடக்கும் தூரம் அது.

சென்ற மாதம் படிவம் 4 படிக்கும் என் தம்பி அதே ஊசலோடு வந்தான். "அக்கா, 9.8 வரமாட்டேங்குது, 28.6தான் காட்டுது." நூலை எங்கிருந்து எங்கே வரை அளந்தாய் என்று கேட்டேன். குண்டின் மேல்முனை வரை என்றான். குண்டின் மையம் வரையல்லவா அளக்க வேண்டும்! வெர்னியரில் குண்டின் விட்டம் 2 சென்டிமீட்டர். 50க்குப் பதில் 51 போட்டான். 9.85 வந்தது.