குளிருக்கு எந்த நூல்?

மெல்பர்னில் படிக்கும் தங்கைக்கு, ஜூன் குளிருக்குமுன் குரோஷே மஃப்ளர் ஒன்று பின்னுகிறேன். நம் ஊர் வெயிலுக்குப் பருத்தி நூல் சரி, குளிருக்கு ஆகாது. ஈரம் பட்டால் உடம்பைச் சில்லிட வைக்கும். ஆட்டுக் கம்பளி நூலோ தன் எடையில் சுமார் 30 விழுக்காடு ஈரத்தை உள்வாங்கினாலும் கதகதப்பாகவே இருக்கும்.

ஆனால், கழுத்தை உறுத்தும் மஃப்ளர் அலமாரியில்தான் கிடக்கும். அதனால் 24 மைக்ரானுக்கும் மெல்லிய இழையுள்ள மெரினோ வாங்கினேன். விடுதியில் சலவை இயந்திரம்தான் என்றால், லேபிளில் ‘சூப்பர்வாஷ்’ இருக்கட்டும், இல்லையேல் சுருங்கிவிடும். அக்ரிலிக் மலிவு, துவைக்கவும் சுலபம், வியர்வையைத்தான் உறிஞ்சாது.

ரொம்ப இறுக்கிப் பின்னாதீர்கள். இழைகளுக்கிடையே தங்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. எல்லா உருண்டைகளிலும் சாய எண் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். மாறினால் பாதியில் நிறம் வேறுபடும்.