படப் புத்தகத்தில் எந்த வீட்டுப் பிள்ளை?

நியூயார்க் பொது நூலகம், தன் 125-ஆவது ஆண்டையொட்டி 2020-இல் ஒரு பட்டியல் வெளியிட்டது. அங்கே வாசகர்கள் அதுவரை அதிகமுறை இரவல் எடுத்த புத்தகங்கள் எவை என்று எண்ணிப் பார்த்ததில், பெரிய நாவல்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளி ‘தி ஸ்னோயி டே’ என்ற சிறுவர் படப் புத்தகம் முதலிடம் பிடித்தது. 4,85,583 முறை அது கைமாறியிருந்தது.

எஸ்ரா ஜாக் கீட்ஸ் எழுதி வரைந்து 1962-இல் வந்த புத்தகம். கதை சின்னதுதான். இரவெல்லாம் பனி பெய்திருக்கிறது. பீட்டர் என்ற பொடியன் சிவப்பு அங்கி மாட்டிக்கொண்டு விளையாடப் போகிறான். நாளைக்கு இருக்கட்டும் என்று ஒரு பனியுருண்டையைப் பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறான், அது கரைந்துபோகிறது. பீட்டர் கறுப்பினச் சிறுவன். எழுத்தில் ஓரிடத்திலும் அது வராது. படத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

ஏன் அது பெரிய விஷயம்?

அன்றைய அமெரிக்கப் புத்தகங்களில் அப்படியொரு பிள்ளையைப் பார்ப்பதே அரிது. 1962 முதல் 1964 வரை 63 பதிப்பகங்கள் வெளியிட்ட 5,206 சிறுவர் நூல்களை நான்சி லாரிக் என்ற கல்வியாளர் ஆராய்ந்தார். கறுப்பினத்தவர் ஒருவராவது இடம்பெற்றவை 6.7 சதவீதம்தான் என்று 1965-இல் எழுதினார். ‘ஏன் எப்போதும் வெள்ளைக்காரப் பிள்ளைகளே வருகிறார்கள்?’ என்று ஐந்து வயதுச் சிறுமி கேட்ட கேள்விதான் அந்தக் கட்டுரையின் தொடக்கம்.

இந்தக் குறை இரண்டு பக்கமும் பாதிக்கிறது என்றார் சிறுவர் இலக்கிய ஆய்வாளர் ருடின் சிம்ஸ் பிஷப். 1990-இல் அவர் சொன்ன உவமை இன்றும் ஆசிரியர்கள் வாயில் புழங்குகிறது: புத்தகம் குழந்தைக்குத் தன்னைக் காட்டும் கண்ணாடியாகவும், பிறர் வாழ்வைக் காட்டும் ஜன்னலாகவும் இருக்க வேண்டும். கண்ணாடியே கிடைக்காத குழந்தை, கதைகளில் தனக்கு இடமில்லை என்று எண்ணிவிடும். கண்ணாடி மட்டுமே பார்த்து வளரும் குழந்தையோ, உலகமே தன்னைப் போலத்தான் என்று நினைத்துக்கொள்ளும்.

வந்தால் மட்டும் போதுமா?

சென்னையின் தூலிகா பதிப்பகம் வெளியிட்ட இரு புத்தகங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஜாய் விட்டேக்கர் எழுதிய ‘காளி அண்ட் தி ராட் ஸ்னேக்’ கதையில் காளி இருளர் வீட்டுப் பையன். அப்பா பாம்பு பிடிப்பவர். வகுப்புப் பிள்ளைகள் அவனிடம் ஒட்டுவதில்லை. ஒருநாள் சாரைப்பாம்பு வகுப்புக்குள் நுழைகிறது. காளி அதைப் பிடித்ததும் எல்லோருக்கும் வேண்டியவனாகிறான். தாரிணி விஸ்வநாத்தின் ‘கேட்ச் தட் கேட்’ கதையில் வரும் டிப் டிப், சக்கர நாற்காலியில் வலம்வரும் வாலு. தோழியின் பூனை காணாமல் போனதும் தேடிக் கிளம்பிவிடுகிறாள்.

இரண்டுமே நல்ல கதைகள்தான். ஆனால் காளி தன்னை நிரூபித்த பிறகுதான் நட்பு கிடைக்கிறது; டிப் டிப் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. இருளர் பிள்ளைக்குப் பாம்பு பிடிக்கத் தெரியாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? பெரியவர்கள் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

யார் சொல்லும் கதை?

பீட்டரைப் படைத்த கீட்ஸ் வெள்ளையர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சிறுவர் நூல் மையம் 1985-இல் எண்ணத் தொடங்கியபோது, அமெரிக்காவில் அந்த ஆண்டு வந்த ஏறத்தாழ 2,500 சிறுவர் நூல்களில் கறுப்பினத்தவர் எழுதியவை அல்லது வரைந்தவை 18 மட்டுமே. நம் பக்கத்தில் சென்னையின் தாரா புக்ஸ், மத்தியப் பிரதேச கோண்டு பழங்குடி ஓவியர்களின் பெயரிலேயே புத்தகங்கள் கொண்டுவந்தது. ஹைதராபாத்தின் அன்வேஷி அமைப்பு 2008-இல் தொடங்கிய கதை வரிசை, தலித், முஸ்லிம் வீடுகளின் அடுப்படிக்கே போனது. அதில் ஒரு கதையின் தலைப்பே தலைக்கறிதான்.

வாங்கும்போது

அட்டையில் மாநிறப் பிள்ளை சிரிக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். கதையில் முடிவெடுப்பது யார், உதவி வாங்கிக்கொண்டே இருப்பது யார், கடைசிப் பக்கத்தில் யாராவது அறிவுரை சொல்கிறார்களா என்று புரட்டிப் பாருங்கள். கையில் காசில்லாவிட்டாலும் வழியுண்டு: பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகவே படிக்கலாம், தரவிறக்கலாம். வித்தியாசமான பிள்ளையைப் பற்றிய பாடம் வேண்டாம். அந்தப் பிள்ளை குறும்பு செய்யும் கதையாகத் தேடிக் கொடுங்கள்.