"சார் வரலையா?" என்று கேட்டார் கடைக்காரர்!

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு சுவர் உண்டு. அதற்கு அந்தப் பக்கம் குளியலறை. மழைக்காலம் வந்தால் போதும், தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூத்து, பெயின்ட் அப்பளம் மாதிரி பொரிந்து விழும். வருடா வருடம் சுரண்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து அலுத்துவிட்டது. 2023 தீபாவளி முடிந்ததும், "நாலடி உயரத்துக்குப் பிளைவுட் பலகை அடிச்சிடலாம். பார்க்கவும் அழகா இருக்கும்" என்று நான்தான் சொன்னேன். தை மாதம் நாத்தனாருக்கு வளைகாப்பு. அதற்குள் முடிய வேண்டும் என்று மேஸ்திரியிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்.

மேஸ்திரியோடு ஒரு பையன் வந்தான். பத்தொன்பது வயது இருக்கும். மூன்றாம் நாள், "தம்பி, சீக்கிரம் முடிப்பா, இன்னும் பாதிகூட ஆகலையே" என்று சொல்லிவிட்டு காபி போட உள்ளே போனேன். மிஷின் சத்தம் சட்டென்று மாறியது. ஓடி வந்து பார்த்தால் பையன் வலது கையை இடது கையால் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தரையெல்லாம் ரத்தம். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். விரல் பிழைத்தது. ஆனால் ஆள்காட்டி விரலை முழுசாக மடக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். எங்களால் ஆன பணத்தைக் கொடுத்தோம். மேஸ்திரி வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அப்புறம் வரவே இல்லை. வளைகாப்பை மண்டபத்தில் வைத்துக்கொண்டோம்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவசரப்படுத்தியது நான்தானே!

என் மாமனார் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கை நடுக்கம், எதையும் பிடிக்க முடியாது. அவர்தான் மறுநாள் விளக்கினார். "அம்மாடி, அது மரம் அறுக்கிற மிஷினே இல்ல. மார்பிள் கட்டர். டைல்ஸும் கல்லும் அறுக்கிறதுக்குப் பண்ணது. அதுல பல்லு வச்ச மர பிளேடை மாட்டி ஓட்டியிருக்கான்."

கல் அறுக்கும் அந்த மிஷின் நிமிஷத்துக்குச் சுமார் 13,000 சுற்று சுற்றுமாம். அதன் சக்கரத்தில் பல் கிடையாது, கல்லைத் தேய்த்துத் தேய்த்துத்தான் அறுக்கும். அதில் பல் பிளேடை மாட்டினால், பல் மரத்தில் கடித்துச் சிக்கும்போது மிஷின் அப்படியே பின்னால் எகிறும். மரத்துக்கென்றே உள்ள வட்ட ரம்ப மிஷின் 5,000 சுற்று போலத்தான் ஓடும். அதில் அடிப்பக்கம் ஒரு காப்பு மூடி இருக்கும். அறுக்கும்போது தானாக விலகி, எடுத்த உடனே மூடிக்கொள்ளும். மார்பிள் கட்டரில் அந்த மூடி கிடையாது. விலை குறைவு, கைக்கு அடக்கம் என்று பல பேர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் மர வேலை நடந்தால் ஒரு தடவை எட்டிப் பாருங்கள், தெரியும்.

மீதிப் பலகை ஹாலில் சாத்தியபடி கிடந்தது. வேறு ஆளைக் கூப்பிட எனக்கு மனசு வரவில்லை. "நானே பண்ணட்டுமா மாமா?" என்று கேட்டேன். என் கணவர் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. "முதல்ல சுவத்தோட வியாதியைப் பாரு, அப்புறம் சட்டை போடலாம்" என்றார்.

ஒரு முழம் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டச் சொன்னார். இரண்டு நாள் கழித்துப் பிரித்தால், சுவரைத் தொட்டிருந்த பக்கம் முத்து முத்தாக நீர். அப்படியென்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது என்று அர்த்தம். பிளம்பர் வந்து உடைத்துப் பார்த்ததில் குளியலறைக் குழாய் இணைப்பு ஒன்றில் கசிவு! இத்தனை வருடம் பெயின்ட் கடைக்குக் கொடுத்த காசை நினைத்தால் வயிறு எரிகிறது. கசிவை அடைத்து, கோடை முழுக்கச் சுவரைக் காயவிட்டோம். அந்த ஈரத்தோடு பலகையை அடித்திருந்தால் உள்ளேயே பூசணம் பிடித்து, கரையானும் வந்திருக்கும்.

அப்புறம்தான் மிஷின் வாங்கக் கிளம்பினேன். கடைக்காரர் என்னைப் பார்த்து முதலில் கேட்டது, "சார் வரலையா மேடம்?" நான் மாமா எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டினேன்.

அவர் சீட்டைப் பார்க்காமலே ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். நூற்றுக்கும் மேல் சாமான்கள், டிரில், பிட், ஸ்பானர் எல்லாம் ஒரே செட்! ஆசையாகத்தான் இருந்தது. தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் மாதிரி அடுக்கியிருந்தார்கள். ஆனால் நம் வேலைக்கு வேண்டியது அதில் நாலுதான். மற்றதெல்லாம் பரணுக்கு.

நான் வாங்கியது சுத்தியல் வசதி உள்ள டிரில் ஒன்று, 600 வாட்ஸ். அதில் ஒரு சின்னத் திருகு இருக்கும். செங்கல் சுவருக்கு சுத்தியல் படம் உள்ள பக்கம், மரத்துக்கு வெறும் பிட் படம் உள்ள பக்கம். மாற்றி வைத்து மரத்தைத் துளைத்தால் பிய்த்துவிடும். சுவருக்கு நுனியில் கார்பைடு வைத்த பிட் தனி, மரத்துக்குத் தனி. பெட்டியில் பக்கவாட்டுக் கைப்பிடி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பிட் உள்ளே மாட்டிக்கொண்டால் மிஷின் சுழன்று மணிக்கட்டை முறுக்கிவிடும். அந்தக் கைப்பிடி இருந்தால் தாங்கிக்கொள்ளலாம். உடம்பில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். மின்சாரம் கசிந்து நம்மைத் தொடாதபடி இரட்டைக் காப்பு செய்தது என்று அர்த்தம்.

அறுப்பதற்கு வட்ட ரம்பம் வாங்கலாமா என்று மிகவும் யோசித்தேன். மாமா வேண்டாம் என்றார். "நீள அறுப்பை மில்லுல குடு. மேஜை ரம்பத்துல நூல் பிடிச்ச மாதிரி அறுத்துத் தருவான்." உண்மைதான். நாலடிக்கு நாலடியாக அளவு எழுதிக் கொடுத்தேன், சொற்பக் கூலிக்கு முடிந்தது. வீட்டில் மிச்சம் இருந்தது ஸ்விட்ச் பெட்டிக்கான ஓட்டையும் மூலை வெட்டுகளும்தான். அதற்கு ஜிக்சா போதும். தையல் மிஷின் ஊசி போல பிளேடு மேலும் கீழும் போகும், அவ்வளவுதான். நீள அறுப்புக்கு அது லாயக்கில்லை, பிளேடு வளைந்து கோடு கோணலாகும். நடு ஓட்டைக்கு முதலில் மூலைகளில் டிரில்லால் துளை போட்டு, அதில் பிளேடை இறக்கி அறுக்க வேண்டும்.

திருகாணி முடுக்க 12 வோல்ட் பேட்டரி டிரைவர் ஒன்று. வீண் செலவு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதன் கழுத்தில் எண் போட்ட வளையம் உண்டு. சின்ன எண்ணில் வைத்தால், திருகாணி போதுமான இறுக்கம் வந்ததும் டக் டக் என்று நின்றுவிடும், தலை மழுங்காது. அறுபது திருகாணியைக் கையால் முடுக்கிப் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள்! ஆணி அடிக்கும் துப்பாக்கி, தேய்க்கும் மிஷின் எல்லாம் வாங்கவில்லை. உப்புத்தாள் போதும்.

துளை போடும் முன் எலக்ட்ரீஷியனை வரவழைத்து ஒயர் எந்த வழியாகப் போகிறது என்று சாக்பீஸில் கோடு போடச் சொன்னேன். ஸ்விட்ச் பெட்டியிலிருந்து நேர் மேலே போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். எங்கள் வீட்டில் ஒரு இடத்தில் குறுக்காகப் போயிருந்தது! 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, சோதனை பட்டனை அமுக்கினால் விழுகிறதா என்றும் பார்த்தார். ஹால் மெயினை அணைத்துவிட்டு சமையலறையிலிருந்து மிஷினுக்குக் கரன்ட் எடுத்தோம்.

இன்னொன்று, நமக்கே உரியது. சேலை முந்தானை, துப்பட்டா, வளையல், தொங்கும் பின்னல் எதுவும் ஆகாது. நான் என் மகனின் பழைய சட்டையைப் போட்டு, கொண்டை போட்டுக்கொண்டேன். கையுறை போடலாம் என்று நினைத்தேன். மாமா அதட்டினார். சுற்றுகிற பிட்டில் துணி மாட்டினால் விரலையும் சேர்த்து இழுக்குமாம். கண்ணாடியும் முகக் கவசமும் மட்டும் கட்டாயம்.

முதல் துளையில் வெள்ளைத் தூள் வந்தது, அப்புறம் சிவப்பு. "சிவப்பு வந்தா செங்கல்லு. பூச்சைத் தாண்டி இறங்கிட்ட" என்றார் மாமா, நாற்காலியில் உட்கார்ந்தபடி. பூச்சே அரை அங்குலத்துக்கு மேல் இருக்கும். பிளக் அதைத் தாண்டிச் செங்கல்லுக்குள் பிடித்தால்தான் நிற்கும். அதனால் ரீப்பர் கட்டைக்கு மூன்று அங்குலத் திருகாணி போட்டோம். ரசமட்டம் வைத்து, தூக்குக் குண்டு விட்டு, இரண்டடிக்கு ஒரு கட்டை. வலது ஓரத்தில் மட்டும் பிட் இறங்கவே இல்லை, புகை வந்தது. அது கான்கிரீட் பில்லர். அழுத்தாதே என்று நிறுத்தி, ரோட்டரி ஹேமர் என்ற பெரிய மிஷினை அரை நாள் வாடகைக்கு எடுத்தோம். வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. நாலு துளைக்காக அதை வாங்குவானேன்?

ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. யாரையும் அவசரப்படுத்தவில்லை, என்னையும்தான். கடைசி ஞாயிறு அந்தப் பையன் தற்செயலாக எங்கள் தெருவுக்கு வந்தவன், எட்டிப் பார்த்தான். விரலைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. அவன் ஸ்விட்ச் பெட்டி ஓட்டையைத் தடவிப் பார்த்து, "நீங்களாக்கா அறுத்தீங்க? ஓரம் சிலும்பியிருக்கே. ஜிக்சாவுக்குப் பல்லு மேல பார்த்து இருக்கும்க்கா. நல்ல பக்கத்தைக் கீழே வச்சு அறுத்திருக்கணும்" என்றான். மாமா தலையில் அடித்துக்கொண்டார், அதை எனக்குச் சொல்ல மறந்துவிட்டாராம்!

மீதி இருந்த ஆறு திருகாணியை அவனே டிரைவரால் முடுக்கிக் கொடுத்தான். நடு விரலால்தான் பொத்தானை அமுக்கினான். "இப்ப எதுல அறுக்கிற?" என்று கேட்டேன்.

"நான் அதைத் தொடறதில்லக்கா. மேஸ்திரி இன்னும் அதையேதான் வச்சிருக்காரு" என்றான்.

- ஒரு வாசகி, திருச்சி.