லாரி ஏறாத மீன்

2025 ஏப்ரல் 6-ம் தேதி பாம்பனில் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டது. அதே நாளில் ராமேஸ்வரத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஒரு புதிய ரயிலும் ஓடத் தொடங்கியது. நடுவில் மேலே எழும்பிக் கப்பலுக்கு வழிவிடும் பாலத்தைப் பற்றி நாடே பேசியது. ஒரகடம் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்த ரயில்தான் பெரிய செய்தி. படப்பை வழியாகப் பஸ் பிடித்தால் தாம்பரம். சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் தங்கியிருப்பவர்கள் செங்கல்பட்டிலேயே ஏறிக்கொள்ளலாம். ஏ ஷிஃப்டை முடித்துக் குளித்துக் கிளம்பினால், மாலை ரயில், விடியும்போது தீவு. பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றபிறகு இரண்டு ஆண்டுக்கு மேலாக ராமநாதபுரத்திலோ மண்டபத்திலோ இறங்கிப் பஸ் மாற வேண்டியிருந்தது. அந்தத் தொல்லை இப்போது இல்லை.

பொங்கல், ஆயுத பூஜை, பராமரிப்புக்காக ஆலை மூடும் சில நாட்கள்: இந்தத் தொழிற்பேட்டைகளில் வேலை பார்ப்பவர்களுக்குச் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைப்பது இவ்வளவுதான். அந்த இரண்டு மூன்று நாளில் ராமேஸ்வரம் போய்வந்தவர்களிடம் கேட்டால் ஒரே குறைதான் வருகிறது. டிக்கெட் செலவு தாங்கும், ரூம் வாடகையை நாலு பேர் பிரித்துக்கொள்ளலாம், சாப்பாட்டில்தான் காசு கரைந்துவிடுகிறது. கோயில் வாசலில் ஒரு வேளை, தனுஷ்கோடியில் ஒரு வேளை, ரயில் ஏறும் முன் ஒரு வேளை. கையில் இருந்தது போய்விடும்.

இதில் எனக்கு ஒரு வியப்பு உண்டு. குறைந்த காசில் வயிறு நிறையச் சாப்பிடத் தெரிந்தவர்கள் யார் என்று தமிழ்நாட்டில் தேடினால், ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலையில் இருப்பவர்களைத்தான் முதலில் காட்ட வேண்டும். 1990-களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் செய்யத் தொடங்கியதிலிருந்து, வெளியூர்க்காரர்கள் வந்து தங்கிச் சாப்பிட்டுத்தான் இந்த வட்டாரம் வளர்ந்தது. பின்னால் ஒரகடத்தில் ரெனோ–நிசான், அப்பல்லோ டயர்ஸ், டைம்லர், ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக ஆலைகள் வந்தன. விழுப்புரம், திருவண்ணாமலை, ராமநாதபுரம், தூத்துக்குடி என்று எல்லா மாவட்டத்துப் பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள். பீகார், ஒடிசா, அசாம் இளைஞர்களும் இருக்கிறார்கள். ஒரு ஷிஃப்டுக்குச் சாப்பாடு கேன்டீனில். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் இருக்க வேண்டும் என்ற விதியை 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே கொண்டுவந்துவிட்டது. மற்ற இரண்டு வேளை அவரவர் பாடு.

அந்த இரண்டு வேளைக்காக எழுந்ததுதான் சுங்குவார்சத்திரத்திலும் ஒரகடம் கூட்டுரோட்டிலும் நாம் பார்க்கிற தெருக்கடை உலகம். கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே தள்ளுவண்டி. காலையில் இட்லி, பொங்கல், பூரி. பதினோரு மணிக்குக் கம்மங்கூழும் மோர்மிளகாயும். இருட்டியதும் கல்தோசை, பரோட்டா, ஊற்றிக்கொண்டே இருக்கும் சால்னா. வடக்கிலிருந்து வந்தவர்கள் தங்கும் தெருக்களில் மாலையானால் ரொட்டி சுடுகிறார்கள். ஷிஃப்ட் விடும் நேரத்துக்குச் சட்டி அடுப்பில் ஏறும். ஒரு மணி நேரத்தில் காலியாகும். மிச்சம் இருக்காது, ஆறிப்போனதும் இருக்காது. விலை ஏறினால் மறுநாளே கூட்டம் அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிடும். தினமும் வருகிறவரை ஏமாற்றிக் கடை நடத்த முடியாது.

சாப்பாடு மலிவாக இருந்தால் மட்டும் போதாது என்பதையும் இந்தச் சாலை வலியோடு கற்றிருக்கிறது. 2021 டிசம்பரில் சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்றார்கள். 159 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்துப் பெண்கள் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12-ம் தேதிதான் மறுபடி திறந்தது. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் அளவுக்கு சிப்காட் கட்டிய விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டதற்குப் பின்னால் அந்த நாட்களும் இருக்கின்றன. எந்தக் கடையில் கூட்டம், எந்தக் கடையில் எண்ணெய் கறுத்திருக்கிறது, எங்கே குழம்பு காலையில் வைத்தது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லும் கண் இங்கே உள்ள பெண்களுக்கு இருக்கிறது.

அந்தக் கண்ணைச் சுற்றுலாவுக்கும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். வந்துபோகிறவர் சாப்பிடும் இடம் வேறு, அங்கேயே உழைக்கிறவர் சாப்பிடும் இடம் வேறு. எந்தத் தீவிலும் மலிவும் ருசியும் சேர்ந்திருப்பது இரண்டாவது இடத்தில். இதற்கு நம்மவர்களே ஒரு சாட்சி. மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போகிறவர்கள் வரிசையில் நின்று சாப்பிடும் நாசி கண்டார், ஒரு காலத்தில் துறைமுகக் கூலிகளின் சாப்பாடு. தமிழ் முஸ்லிம்கள் தோளில் ஒரு கழியைப் போட்டு, ஒரு முனையில் சோற்றையும் மறு முனையில் குழம்புகளையும் தொங்கவிட்டுக்கொண்டு போய் விற்றார்கள். அவர்களில் ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து கப்பலேறியவர்களும் உண்டு. மூட்டை தூக்குகிறவனுக்குச் சீக்கிரம் கிடைக்க வேண்டும், காரமாக இருக்க வேண்டும், கையில் இருக்கும் காசுக்குள் அடங்க வேண்டும். அப்படிப் பிறந்த சோற்றுக்காகத்தான் இன்று உலகம் விமானம் ஏறிப் போகிறது.

இனி ராமேஸ்வரம். ரயிலை விட்டு இறங்கியவர்கள் எல்லாரும் கோயிலின் கிழக்கு வாசலுக்கும் அக்னி தீர்த்தத்துக்கும் போகிறார்கள். கடலில் முங்கி, உள்ளே இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, ஈர உடையோடு வெளியே வரும்போது பசி வயிற்றைக் கிள்ளும். அந்தப் பசிக்கு எதிரே இருப்பவை பெரும்பாலும் சைவ ஓட்டல்கள். இந்தி, குஜராத்தி, தெலுங்கு எழுத்தில் பலகைகள். அவை நாடெங்கிலும் இருந்து வரும் யாத்திரிகர்களுக்கானவை. அவர்களுக்குப் பழகிய சாப்பாட்டை நம் ஊர்க் கோடியில் செய்து தருவது எளிதல்ல, அதற்கான விலையை ஓட்டல்காரர்கள் கேட்கிறார்கள். ஒரகடத்திலிருந்து ஒரு பீகார் நண்பரைக் கூட்டிக்கொண்டு போனால் அவருக்கு இந்தத் தெரு மனசுக்கு நிறைவாக இருக்கும். ‘சார் தாம்’ எனப்படும் நான்கு புனிதத் தலங்களில் ராமேஸ்வரமும் ஒன்று. அவர் வீட்டில் பெரியவர்கள் ஆயுளில் ஒரு முறையாவது வரத் துடிக்கும் ஊர். தமிழ்நாட்டில் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கும் கோயில்களில் ராமநாதசுவாமி கோயிலும் ஒன்று. பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. முடிந்ததை உண்டியலில் போட்டுவிட்டு வரலாம்.

ஆனால் தீவின் சாப்பாடு என்று நான் சொல்வது கோயிலைச் சுற்றி இல்லை. அதற்கு மீன் பிடிக்கும் கரைக்குப் போக வேண்டும்.

அங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. கரையேறும் மீனில் விலைபோவது தீவில் தங்குவதில்லை. இறாலும் பெரிய நண்டும் கணவாயும் ஐஸ் பெட்டியில் ஏறிப் பாலம் தாண்டிப் போகின்றன. அதில் பெரும்பங்கு வெளிநாட்டுக்கு. ஒரகடத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தாங்கள் செய்த காரும் போனும் வெளிநாடு போவதை அவர்கள் தினம் பார்க்கிறார்கள். தீவில் தங்குவது சூடை, காரல், முரல், சின்னப் பாறை, நகரை. லாரி ஏறாத இந்த மீன்தான் இங்கே வீடுகளில் குழம்பாகிறது. இதுதான் மலிவு, ருசியும் இதில்தான். சூடையை முழுசாக மசாலா தடவிப் பொரித்தால் முள்ளோடு மென்று தின்னலாம். காரலில் வைக்கும் சொதி பிள்ளை பெற்றவர்களுக்கு என்று தனியாகப் பேர் பெற்றது. குழம்பின் காரத்துக்கு ராமநாதபுரத்து முண்டு மிளகாய். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் குண்டு மிளகாய்க்கு நிறம் அதிகம், காரம் நிதானம். வஞ்சிர வறுவலைக் கேட்டுவிட்டு விலையைப் பார்த்து மலைப்பதைவிட, “அக்கா, இன்னைக்கு என்ன மீன் வந்திருக்கு?” என்று கேட்டுவிட்டு அவர் சொல்வதைச் சாப்பிடுவது எல்லா விதத்திலும் நல்லது.

கடலுக்கும் ஷிஃப்ட் உண்டு. பாக் நீரிணையில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் போவதும், மற்ற நாட்களை நாட்டுப்படகுகளுக்கு விடுவதும் நெடுங்கால ஏற்பாடு. படகு திரும்பும் நாளின் காலையில் மீன் விலை இறங்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது நாட்டுப்படகு மீன் மட்டும்தான், விலையும் ஏறியிருக்கும். கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது. இலங்கைக் கடற்படை மீனவர்களைச் சிறைபிடித்த செய்தி வந்தால் மொத்தத் துறைமுகமும் வேலைநிறுத்தத்தில் இருக்கும். அன்று அங்கே யாரிடமும் மீன் விலை பேசாதீர்கள். மீனவர் தெருவில் ஏதோ ஒரு வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது.

மீன் இல்லாத நாளில் பனை இருக்கிறது. தீவெங்கும் மணல்மேட்டில் பனை. பொங்கல் விடுமுறைக்குப் போனால் பனங்கிழங்கு. அவித்த கிழங்கு ஒரு கட்டு, ஒரு வேளைப் பசிக்குக் காணும். சித்திரை, வைகாசியில் நுங்கும் பதநீரும். கருப்பட்டி போட்ட காபி காலை ரயிலில் இறங்கியவர்களுக்கு. கடையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டுமானால் பாம்பன், தங்கச்சிமடம். இரண்டும் ராமேஸ்வரத்துக்குப் போகும் வழியில் இருக்கும் ஊர்கள். பயணிகள் வண்டியை நிறுத்தாமல் கடந்துவிடுவார்கள். சாலையோரக் கடைகளில் இடியாப்பம், புட்டு, பரோட்டா, மதியம் மீன் குழம்புச் சோறு. சாப்பிட வருகிறவர்கள் மீனவர்களும் ஆட்டோக்காரர்களும் பள்ளி ஆசிரியர்களும். நகரப் பேருந்தில் ஏறி இங்கே வந்து சாப்பிட்டுத் திரும்பினாலும் கோயில் வாசலைவிடச் செலவு குறையும் என்பது என் கணிப்பு.

தனுஷ்கோடியைப் பற்றி மட்டும் வேறு விதமாகச் சொல்ல வேண்டும். 1964 டிசம்பர் 22-ம் தேதி இரவு அடித்த புயலில் அந்த ஊர் அழிந்தது. பயணிகளோடு வந்துகொண்டிருந்த ரயிலையும் கடல் கொண்டுபோனது. வாழத் தகாத இடம் என்று அரசு அறிவித்த பிறகும் மீனவக் குடும்பங்கள் போகவில்லை. குடிநீருக்கு மணலைக் கையால் தோண்டி ஊற்று எடுத்தார்கள். 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை வந்ததும், ஓலைக் கொட்டகை போட்டு மீன் பொரித்து விற்கத் தொடங்கினார்கள். தட்டில் மசாலா தடவி அடுக்கியிருக்கும் மீனை நாமே காட்டி, விலையைக் கேட்டு ஒத்துக்கொண்ட பிறகு எண்ணெயில் போடச் சொல்ல வேண்டும். பிறகு பேசினால் இரு பக்கமும் மனக்கசப்பு. ஊரைவிட இங்கே விலை சற்று அதிகம்தான். விறகு, எண்ணெய், தண்ணீர் எல்லாம் பல கிலோமீட்டர் தாண்டி வர வேண்டும். மலிவாகச் சாப்பிடுவது என்றால் விற்கிறவரைக் கசக்கிப் பிழிவது என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அப்படிக் கசக்கி மலிவாக்கிய சாப்பாடு தட்டுக்கு வரும்போது என்ன ஆகும் என்பதை ஒரகடம் சாலையில் இருக்கும் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. காசைச் சேமிக்க வேண்டுமானால் காலையும் இரவும் ஊருக்குள் சாப்பிட்டு, தனுஷ்கோடியில் ஆளுக்கு இரண்டு மீன் போதும் என்று வைத்துக்கொள்ளலாம்.

தனுஷ்கோடிக்கு ராமேஸ்வரத்திலிருந்து அரசுப் பேருந்து இருக்கிறது. ஆட்டோவுக்குக் கொடுப்பதில் ஒரு பகுதிதான் ஆகும். பொழுது சாயும் முன் அரிச்சல்முனையிலிருந்து எல்லாரையும் கிளப்பிவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போவது நல்லது. மாலை ரயிலுக்குத் திரும்புகிறவர்கள் இரவுச் சாப்பாட்டைக் கையோடு கட்டிக்கொண்டு ஏறுங்கள். புளிச்சோறும் பொரித்த சூடையும் காரைக்குடி தாண்டியும் கெடாது.