திட்டிவாசல்

நுழையும்முன்

கோயிலின் பெருவாயில் திருவிழா நாளில் விரியத் திறக்கும். மற்ற வேளைகளில் அதன் கதவிலுள்ள திட்டிவாசல் வழியே மக்கள் சென்று வருவர். கண்ணுக்குப் புலப்படாத அலைகளால் இயங்கும் கைப்பேசி வலையமைப்புக்கும் இத்தகைய வாயில்கள் தேவைப்படுகின்றன. அவற்றின் அகலத்தை அளவறிந்து அமைக்கும் கலையை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு கோபுரம், பல கருவிகள்

புதுச்சேரி நகரை அடுத்த மேட்டுப்பாளையத்தில் பிப்டிக் தொழிற்பேட்டையும் சரக்குந்து முனையமும் உள்ளன. இத்தகைய இடத்தில் ஓர் ஐந்தாம் தலைமுறைக் கோபுரம் இருப்பதாகக் கொள்வோம். ஓட்டுநரின் திறன்பேசி அதனிடம் திரைப்படம் கேட்கும். ஆலையின் கொதிகலனில் பொருத்திய உணரியோ வெப்பநிலையைக் குறிக்கும் சில எண்களை மட்டுமே அனுப்பும். முன்னதற்கு வேகம் வேண்டும். பின்னதற்கு மலிவும், நெடுநாள் உழைக்கும் மின்கலமும் வேண்டும். இரண்டுக்கும் கோபுரம் ஒன்றே.

அகலமும் திறனும்

தொலைத்தொடர்பில் புதுச்சேரி, தமிழ்நாடு வட்டத்தைச் சேர்ந்தது. 2022ஆம் ஆண்டு நடைபெற்ற அலைக்கற்றை ஏலத்தில் ஜியோ, ஏர்டெல் ஆகிய நிறுவனங்கள் 3300 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் தலா 100 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைப் பெற்றன. இவ்வகலம் முழுவதையும் திறன்பேசியால் கையாள முடியும். இப்பட்டையில் அதற்கு நான்கு ஏற்பு அலைவாங்கிகள் வேண்டும் என்பது விதி.

எளிய கருவிகளுக்காக, உலகளாவிய தரநிலை அமைப்பான 3ஜிபிபி, 2022இல் நிறைவு செய்த 17ஆம் வெளியீட்டில் 'ரெட்கேப்' என்னும் வகையை வகுத்தது. 'குறைக்கப்பட்ட திறன்' என்பது இதன் பொருள். இவ்வகைக் கருவி, இப்பட்டையில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தையே கையாளும். ஓர் அலைவாங்கியே அதற்குப் போதும். இதனால் அதன் விலையும் மின்செலவும் குறைகின்றன.

முதல் அறிமுகம்

புதிதாக இயக்கப்பட்ட கருவிக்குக் கோபுரத்தைப் பற்றி எதுவும் தெரியாது. முதலில் அது, கோபுரம் குறித்த கால இடைவெளியில் மீண்டும் மீண்டும் ஒலிபரப்பும் 7.2 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒத்திசைவுக் குறிகையைத் தேடுகிறது. அடுத்த செய்தியை எங்கே கேட்க வேண்டும் என்பதை அக்குறிகை சொல்லும். பெரும்பாலும் 17.28 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குள் கிடைக்கும் அச்செய்தியே முதல் அமைப்புத் தகவல். இதுவரை திறன்பேசியும் உணரியும் ஒன்றாகவே நடக்கின்றன.

வழி பிரிவது இதற்குப் பின்னரே. கோபுரத்திலிருந்து கருவிக்கு அலைகள் இறங்கும் 'தொடக்க இறங்கிணைப்பு அகலம்' எவ்வளவு என்பதை அத்தகவல் அறிவிக்கிறது. அவ்வகலம் 100 மெகாஹெர்ட்ஸ் என்று அறிவிக்கப்பட்டால் திறன்பேசி இணைந்துவிடும். 20 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்த உணரி இணைய இயலாது. எல்லாருக்கும் 20 மெகாஹெர்ட்ஸ் என்று குறைத்துவிட்டால், இணைய வரும் கருவிகள் அனைத்தும் ஒரே குறுகிய இடத்தில் நெருக்கியடித்து நிற்கும்.

சிறு கருவிக்குத் தனி வாயில்

இச்சிக்கலுக்கு 17ஆம் வெளியீடு தந்த தீர்வு எளிது: ரெட்கேப் கருவிகளுக்கெனத் தனியே ஒரு தொடக்க அகலத்தை அறிவிக்கலாம். பெருவாயில் அப்படியே இருக்க, அருகில் திட்டிவாசல் திறக்கிறது.

அதை எங்கே வைப்பது என்பதும் சிந்தனைக்குரியது. இப்பட்டையில் இறங்கும் அலைகளும் ஏறும் அலைகளும் ஒரே அலைவரிசையைக் காலத்தால் பகிர்ந்துகொள்கின்றன. எனவே, இரு திசை அகலங்களின் மையமும் ஒன்றாக இருத்தல் வேண்டும். சிறு வாயிலை அலைக்கற்றையின் நடுவே வைத்தால், திறன்பேசிகள் ஏற்றி அனுப்பும் தரவுக்குரிய நீண்ட பாதை துண்டாகும். ஓரத்தில் வைத்தால் அப்பாதை முழுமையாக நிற்கும். எளியவருக்கு இடம் தருவது வலியவரின் வழியை மறித்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

தெரிந்து தெளிவோம்

ரெட்கேப் கருவிகளை ஏற்பதற்குரிய குறிப்பு முதல் அமைப்புத் தகவலில் இடம்பெறாவிட்டால், அக்கருவி அக்கோபுரத்தைத் தனக்கு மூடப்பட்டதாகவே கருதும். 'வராதே' என்று சொல்ல வேண்டியதில்லை. 'வா' என்று சொல்லாமல் விட்டாலே போதும்.

வலியறிந்து அமைத்தல்

திருக்குறளில் 'வலியறிதல்' என்பது ஓர் அதிகாரம். செயலின் வலிமையையும் அதில் ஈடுபடுவோரின் வலிமையையும் ஆராய்ந்தே செயல்பட வேண்டும் என்பது அதன் கருத்து. வலையமைப்பை வடிவமைப்பவருக்கும் அதுவே பாடம். எல்லாக் கருவிகளுக்கும் ஒரே அளவை விதிப்பது சமன்மைபோலத் தோன்றும்; ஆனால், அது சிலவற்றை வாசலிலேயே நிறுத்திவிடும். ஒவ்வொன்றின் திறனையும் அறிந்து, அதற்கேற்ற வாயிலைத் திறந்து வைப்பதே உண்மையான சமன்மை. கொதிகலனின் வெப்பம் எல்லை மீறும் நேரத்தில், அதை உரியவரிடம் சேர்ப்பது அந்தச் சிறு உணரியின் சில எண்களே. அவை நுழைவதற்கு ஒரு திட்டிவாசல் திறந்திருக்க வேண்டும்.