கண்ணாடியில் சாரதியின் முகம் தெரிகிறதா?

பெரும்போக அறுவடை தொடங்கிவிட்டால் எமது கரையோர வீதிகளில் கனரக வாகனங்கள் பெருகிவிடும். கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களை ஊடறுத்துச் செல்லும் ஏ4 பிரதான வீதியில்தான் நெல் லொறிகளும் மண் டிப்பர்களும் ஓடுகின்றன. அதே வீதியில்தான் எமது பிள்ளைகளும் பாடசாலைக்கும் மத்ரஸாவுக்கும் செல்கின்றனர்.

விபத்தென்றால் நாம் முதலில் ஏசுவது லொறிச் சாரதியைத்தான். அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து பயணிக்கும்வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

லொறி ஓட்டும் எனது உறவினர் ஒருவர் நிந்தவூரில் நெல் ஏற்றிக்கொண்டு அம்பாறைப் பக்கம் புறப்பட்டார். நானும் ஏறிக்கொண்டேன். காரைதீவுச் சந்தியில் இடது பக்கம் திரும்ப வேண்டும். சிக்னல் போட்டு வேகத்தைக் குறைத்தவர், "மச்சான், இடப்பக்கம் எட்டிப் பாருங்க, ஆள் இருக்கா? எனக்கு அங்க ஒண்டும் தெரியாது" என்றார்.

எட்டிப் பார்த்தேன். கதவுக்குக் கீழே, முன்சில்லை ஒட்டி ஒரு ஸ்கூட்டி. ஒரு தாய், அவருக்குப் பின்னால் வெள்ளைச் சீருடையில் ஒரு பிள்ளை. "நில்லுங்க!" என்று கத்தினேன். லொறி நின்றது. அந்தத் தாய் ஒன்றும் அறியாமல் நேரே போய்விட்டார். எனக்கு உடல் நடுங்கியது. அதே இடுக்கில் நானும் எத்தனையோ தடவைகள் மோட்டார் சைக்கிளில் புகுந்து போயிருக்கிறேன்.

எமது நாட்டில் சாரதியின் ஆசனம் வலது பக்கத்தில், உயரத்தில் இருக்கின்றது. ஆகவே இடது கதவுக்குக் கீழேயும், லொறியின் மூக்குக்கு நேர் முன்னாலும், பின்பக்கப் பலகைக்குப் பின்னாலும் இருப்பவர் அவருக்குத் தெரிவதில்லை. நாம் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்றுண்டு. லொறியின் பக்கக் கண்ணாடியில் சாரதியின் முகம் உங்களுக்குத் தெரியவில்லையா? அப்படியானால் அந்தக் கண்ணாடியில் நீங்களும் அவருக்குத் தெரியமாட்டீர்கள். சற்றுப் பின்வாங்கி நில்லுங்கள்.

சந்தியில் நீண்ட லொறி இடது பக்கம் திரும்பும்போது முதலில் சற்று வலப்புறம் ஒதுங்கக்கூடும். அந்த இடைவெளி எமக்காக விடப்பட்டதல்ல. முன்சில்லு சென்ற தடத்தில் பின்சில்லு வராது. உட்புறமாக வெட்டிக்கொண்டே வரும். இடுக்கில் இருப்பவர் அந்தச் சில்லில்தான் அகப்படுகின்றார்.

முந்திச் செல்வதாயின், எதிரே வாகனம் இல்லையென உறுதிசெய்து வலது பக்கத்தால் முந்துங்கள். முந்தியவுடன் லொறிக்கு முன்னால் வெட்டிப் பிரேக் போடாதீர்கள். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீற்றர் கடந்துவிடும். சாரதியின் கால் பிரேக்கை அடையுமுன்பே அந்தத் தூரம் முடிந்துவிடும். சுமையேற்றிய லொறி நிற்பதற்கு அதற்குப் பிறகும் நீண்ட தூரம் தேவை.

வீதியோரத்தில் நெல் காயப்போடும் சகோதரர்களும் சிந்திக்க வேண்டும். அந்த நெல்லைத் தவிர்க்க வளைகின்ற சைக்கிள், லொறியின் பாதையில்தான் ஏறுகின்றது.

சாரதிமாருக்கும் ஒரு வேண்டுகோள். இரவில் பின்விளக்கு இல்லாமல் வீதியோரம் நிறுத்தாதீர்கள். மண்ணைப் படங்கால் மூடுங்கள். பாடசாலை விடும் நேரத்தில் வேகத்தைக் குறையுங்கள். தூக்கம் வந்தால் நிறுத்தி உறங்குங்கள். நெல் ஒரு மணித்தியாலம் பிந்திப் போனால் குறைந்துவிடாது.

வீதிக்கு அதன் உரிமையைக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். பிறருக்குத் தீங்கு செய்யாதிருப்பதும் அதில் ஒன்று. லொறிக்குப் பின்னால் அரை நிமிடம் பொறுத்து நிற்பதும் அந்த உரிமையைக் கொடுப்பதுதான். அந்தச் சாரதியும் யாரோ ஒரு பிள்ளையின் வாப்பா. தன் சில்லில் ஓர் உயிர் போய்விடக் கூடாதென்ற பயத்தோடுதான் அவரும் வீதியில் இறங்குகின்றார்.