சோளனும் கச்சானும்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலத்தில் அமைந்த ஊர் பெரியகல்லாறு. கதிரவன் எழும் பக்கமாதலின் இது எழுவான்கரை. வாவிக்கு அப்பால் அவன் மறையும் பக்கம் படுவான்கரை. மாரி மழையை நம்பிப் படுவான்கரை மேட்டு நிலங்களில் விளையும் சோளனும் கச்சானும் இக்கரைக்கு வந்து சேர்கின்றன. சோளனை அவித்தும் சுட்டும் உண்பர். கச்சானை மணலில் வறுத்துக் கொறிப்பர். இரண்டையும் சேர்த்து இடித்து உண்பது இங்கு பெருவழக்கன்று.

மேற்கு ஆபிரிக்காவிலோ அது தெருவில் விற்கும் தின்பண்டம். நைஜீரியாவின் வடபகுதியினர் அதனை டொங்குவா என்பர். இவ்விரு பயிர்களும் அங்கும் பிறந்தவையல்ல, இங்கும் பிறந்தவையல்ல. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, ஐரோப்பியர் கப்பலேறி இரு நாடுகளுக்கும் வந்தவை.

செய்முறை எளிது. முற்றி உலர்ந்த சோளன் மணிகளை இளந்தீயில், கருகவிடாது, பொன்னிறமாக வறுத்தல் வேண்டும். ஆறியபின் இடித்து அரித்து மாவாக்குக. கச்சானைத் தனியே வறுத்துத் தோலுரித்துச் சுளகிற் புடைத்து உரலிலிட்டு இடித்தால், சற்று நேரத்தில் எண்ணெய் கசியத் தொடங்கும். அப்பொழுது சோளன் மாவும், சீனி, உப்பு, இஞ்சித்தூள், சிறிது மிளகாய்த்தூளும் கூட்டி மீண்டும் இடித்து, இறுகப் பிடித்து உருட்டுக. தண்ணீர் ஒரு துளியும் ஆகாது. கச்சான் எண்ணெயே மாவைப் பிணைக்கிறது. கச்சான் குறைந்தால் உருண்டை உதிரும். ஏறக்குறையச் சம அளவே நன்று. எள்ளும் சர்க்கரையும் இடித்து உருண்டை பிடித்துப் பழகிய கைகளுக்கு இது புதிய வித்தையன்று.

இச்சேர்க்கை சுவைக்காக மட்டும் அமைந்ததன்று. கோல்ட் கோஸ்ட் எனப்பட்ட இன்றைய கானாவில் 1930களில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், தாய்ப்பால் நிறுத்தப்பட்டுச் சோளக் கஞ்சியையே உண்டு வளர்ந்த குழந்தைகள் உடல் வீங்கி நலிவதைக் கண்டார். குவாஷியோர்க்கர் என்ற அந்நோயை உலகறியச் செய்தவர் அவரே. சோளனில் புரதம் ஏறக்குறைய நூற்றுக்குப் பத்துப் பங்கு, கச்சானில் இருபத்தைந்து. சோளனிலுள்ள நயாசின் என்னும் உயிர்ச்சத்து உடலில் எளிதிற் சேராது. கச்சானில் அது நிறைய உண்டு. ஆயினும் லைசீன் என்னும் புரதக்கூறு இரண்டிலும் குறைவாதலால், வாவி மீனுக்கும் பயறுக்கும் இவ்வுருண்டை ஈடாகாது.

இனி, தாய்மார் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. ஈரம் பட்ட சோளனிலும் கச்சானிலும் ஒருவகைப் பூஞ்சணம் பற்றி அபிளாடொக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். இங்கிலாந்தில் 1960இல் ஏறத்தாழ ஓர் இலட்சம் வான்கோழிகள் மடிந்தபோது, அவற்றுக்கு இட்ட கச்சான் பிண்ணாக்கிலிருந்தே இந்நஞ்சு அறியப்பட்டது. கென்யாவில் 2004இல் பூஞ்சணம் பிடித்த சோளனை உண்டு 125 பேர் உயிரிழந்தனர். வறுத்தாலும் இந்நஞ்சு முற்றாக அழியாது; மிளகாயும் சீனியும் சேர்ந்துவிட்டால் கசப்பும் நாவுக்குத் தெரியாது. ஆகவே பிரித்தெடுக்கும் வேலை வறுப்பதற்கு முன்னரே, பகல் வெளிச்சத்தில் நடைபெறவேண்டும். சுருங்கியவை, நிறம் மாறியவை, பூஞ்சணம் பற்றியவை யாவற்றையும் எறிந்துவிடுக. அவற்றைக் கோழிக்கும் இடலாகாது.